மூன்று எண்களைக் காட்டுங்கள்: ஓட்டக் கணிப்பு மென்பொருள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,



கோயம்புத்தூரில் காற்றாலைக்கு இடம் பார்த்துக் கணிப்பு சொல்லும் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று கணக்கிட்டுச் சொல்லும் உங்கள் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்டுகிறோம். அது எங்கள் அலுவலக வாடகையைவிட அதிகம். மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் விற்பனைப் பிரதிநிதிகள் இங்கே கல்லூரி கல்லூரியாகப் போய்த் தமிழில்தான் பேசி விற்கிறார்கள். வாங்கியவர்களின் குறையும் அதே பேச்சில் அவர்கள் காதில் விழட்டும். உங்கள் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் பெயரைக் கெடுப்பதால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குறை தீர்ந்தால் போதும்.

என் குறை யூ.டி.எஃப். பற்றியது. பயனர் தாமே எழுதிச் சேர்க்கும் ஃபங்ஷன். இந்தத் துறையில் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சமன்பாடுகளைத் தீர்க்கும் உங்கள் சால்வருக்குள் ஏற்கெனவே ஏராளமான கணக்கு முறைகள் இருக்கின்றன. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தரையிலிருந்து உயரப் போகப் போகக் காற்று எப்படி வேகமெடுக்கிறது என்பதோ, வெல்டிங் ஆர்க் தகட்டின் மேல் நகரும்போது எந்த இடத்தில் எவ்வளவு சூடு இறங்குகிறது என்பதோ அதற்கு முன்கூட்டித் தெரியாது. அதை நாங்கள் சி மொழியில் சில வரிகளாக எழுதி, கம்பைல் செய்து, லைப்ரரியாக லோட் செய்து, எந்த எல்லையில் அது வேலை செய்ய வேண்டுமோ அங்கே ஹூக் செய்கிறோம். சால்வர் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு மதிப்பை வாங்கிக்கொள்ளும். உண்மையான இடத்துக்கும் பாடப்புத்தக உதாரணத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. கணிப்பின் உயிரே அங்கேதான்.

அந்த வரிகளில் தவறு இருந்தால் உங்கள் மென்பொருள் வாயைத் திறப்பதில்லை. திறந்தாலும் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்கிறது. என் குறை முழுவதும் இதுதான்.

ஒரே ஒரு பின்னத்தை எடுத்துக்கொள்கிறேன். உயரத்தோடு காற்றின் வேகம் கூடுவதைத் தோராயமாகக் கணக்கிட இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கற்பது ஏழில் ஒரு பங்கு விதி. 10 மீட்டர் உயரத்தில் வேகம் தெரிந்தால், வேண்டிய உயரத்தைப் பத்தால் வகுத்து, அதை 1/7 என்ற அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த வேகத்தோடு பெருக்க வேண்டும். 10 மீட்டரில் விநாடிக்கு 7 மீட்டர் என்றால் 80 மீட்டரில் ஏறக்குறைய 9.4 மீட்டர் வரும். பள்ளிக்கூடத்துக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்.

இதை சி மொழியில் அப்படியே 1/7 என்று எழுதினால் விடை பூஜ்யம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் அந்த மொழி மீதியைத் தூக்கி எறிந்துவிடும். எதையும் பூஜ்ய அடுக்குக்கு உயர்த்தினால் ஒன்றுதான். ஆகவே தரையோரத்திலும் 7, 10 மீட்டரிலும் 7, 80 மீட்டரிலும் 7 என்று சமமான காற்று உள்ளே நுழைகிறது. 1.0/7.0 என்று இரண்டு தசமப் புள்ளிகள் வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். கம்பைலர் எதுவும் சொல்வதில்லை, ஏனென்றால் மொழியின் விதிப்படி அதில் தவறு கிடையாது. உங்கள் சால்வரும் எதுவும் சொல்வதில்லை. மீதிப் பிழையைக் காட்டும் ரெசிடுவல் கோடுகள் ஒழுங்காக இறங்குகின்றன, கணக்கு நிலையான விடைக்கு வந்து கன்வெர்ஜ் ஆகிறது, நீலமும் சிவப்புமாகக் கான்டூர் படம் வருகிறது. அதை அறிக்கையில் ஒட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடலாம்.

காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. 7க்கும் 9.4க்கும் உள்ள வித்தியாசம் திறனில் 2.4 மடங்கு. ஒரு காற்றாலை கடனை அடைக்குமா அடைக்காதா என்பதையே மாற்றிவிடக்கூடிய அளவு அது. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் பொறியாளர் வேறொருவர் கொடுத்த பழைய ஃபங்ஷனில் இந்த 1/7 தவறைக் கண்டுபிடித்தார். சால்வர் கொடுத்த படத்தை நம்பாமல், நுழைவாயிலில் நேர்க்கோடாகப் புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தை எழுதி, பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் எண்கள் ஏறிக்கொண்டே போக, இன்னொரு பக்கம் ஒரே எண் கீழிருந்து மேல்வரை நின்றது. அவர் கண்டுபிடித்தார் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பழைய ஃபங்ஷன் அதற்கு முன் எத்தனை பேருடைய பென்டிரைவில் சுற்றிவந்ததோ. அதை வைத்து எத்தனை பிராஜெக்ட் அறிக்கைகள் பைண்டிங் ஆகி நூலகங்களில் இருக்கின்றனவோ.

சி மொழியின் விதிக்கு நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விதியை மாற்றச் சொல்லவில்லை. ஃபங்ஷன் ஹூக் ஆனதும், முதல் சுற்று ஓடுவதற்கு முன், அந்த எல்லையில் அது கொடுத்த மதிப்புகளில் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது, சராசரி எவ்வளவு என்று மூன்று எண்களைத் திரையில் தானாக எழுதிக் காட்டுங்கள். நாங்கள் கேட்காமலே வர வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது 7, 7, 7 என்று வந்திருக்கும். முதலாமாண்டு மாணவனும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். அந்த மதிப்புகள் சால்வரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கூட்டி வகுத்து அச்சிட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அலகுகளிலும் இதே கதை. உங்கள் திரையில் வெப்பநிலையைச் செல்சியஸில் வைத்துக்கொள்ளலாம், நீளத்தை மில்லிமீட்டரில் வைத்துக்கொள்ளலாம். ஃபங்ஷனுக்குள் வருவது எப்போதும் கெல்வினும் மீட்டரும்தான். கையேட்டில் அது எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திரையில் 40 என்று பார்த்தவர் ஃபங்ஷனுக்குள் 40ஐத் தாண்டினால் என்று நிபந்தனை எழுதினால், கணக்குக்காக இடத்தைப் பிரித்த சிறு கட்டங்களான செல்கள் எல்லாவற்றிலும் அந்த நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும். கணக்கு நிற்காமல் ஓடும். இந்த இடத்தில் ஓப்பன்ஃபோமைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்து, 2004இல் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டு, யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள் அது. அதில் ஒவ்வொரு இயற்பியல் அளவும் தன் பரிமாணத்தைக் கூடவே சுமந்துகொண்டு வரும். அழுத்தத்தோடு வேகத்தைக் கூட்டச் சொன்னால் முடியாது என்று நின்றுவிடும். சமவெளிக் காற்றுக்கான மடக்கை விதி நுழைவாயிலும் அதில் தயாராகவே கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பது இவ்வளவு கவனமாக இருக்கும்போது, கட்டணம் வாங்குகிறவர்களிடம் எதிர்பார்ப்பது தவறா?

அடுத்தது கணினியின் பல கோர்களில் கணக்கைப் பிரித்து ஓட்டும் விஷயம். என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

காற்றாலைப் பண்ணையைக் கணக்கிடும்போது ஒவ்வோர் இறக்கையையும் வரைவதில்லை. சுழலும் வட்டத்தை ஒரு மெல்லிய தட்டாக வைத்து, அந்தத் தட்டுக்குள் இருக்கும் செல்களில் காற்றை எதிர்த்துத் தள்ளும் விசையைச் சேர்க்கிறோம். ஆக்சுவேட்டர் டிஸ்க் என்பது துறையில் வழங்கும் பெயர். மொத்தத் தள்ளுவிசையைக் கணக்கிட்டு, டிஸ்கின் கன அளவால் வகுத்து, ஒவ்வொரு செல்லுக்கும் பங்கு போடுவார்கள். கன அளவு வேண்டுமென்றால் டிஸ்கின் செல்களைச் சுற்றிவந்து ஒவ்வொன்றின் கன அளவையும் கூட்ட வேண்டும். எளிய லூப்.

ஒரே கோரில் ஓட்டினால் சரியான விடை. பல கோர்களில் ஓட்டினால் செல்களின் வலையான மெஷ் துண்டுகளாகப் பிரிந்து ஒவ்வொரு கோருக்கும் ஒரு துண்டு போகிறது. டிஸ்க் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு கோர்களில் விழுந்தால், ஒவ்வொரு கோரும் தன்னிடம் இருக்கும் பாதியை மட்டும் கூட்டி அதுதான் முழு டிஸ்க் என்று நினைத்துக்கொள்கிறது. வகுக்கும் எண் பாதியானதால் விசை இரண்டு மடங்காகிறது. நான்கு சம துண்டாக வெட்டுப்பட்டால் நான்கு மடங்கு. அதே கேஸ் கோப்பு, அதே ஃபங்ஷன், அதே காற்று. கோர்களின் எண்ணிக்கையை மாற்றினால் காற்றாலையின் பின்னால் விழும் காற்று நிழல் மாறுகிறது. இயற்கையில் இதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. இதற்கும் உங்கள் சால்வர் ஓர் எச்சரிக்கையும் தருவதில்லை.

எல்லாக் கோர்களின் கூட்டுத்தொகையையும் ஒன்றாகச் சேர்க்கும் மேக்ரோ உங்களிடம் இருக்கிறது. துண்டுகளின் விளிம்பில் இருக்கும் செல்கள் பக்கத்துத் துண்டிலும் நகலாக இருக்கும் என்பதால் அவற்றை இரண்டு முறை எண்ணாமல் இருக்கத் தனி லூப்பும் இருக்கிறது. இரண்டையும் உங்கள் கையேட்டில் படித்தேன். ஆனால் அவை இருப்பது பின்னால் உள்ள ஒரு தனி அத்தியாயத்தில். முன்னால் இருக்கும் உதாரணங்களில் பல, ஒரே கோருக்கு எழுதியவை. புதிதாகக் கற்பவர் முன் அத்தியாயத்திலிருந்து உதாரணத்தை எடுத்து, தன் தேவைக்கு மாற்றி, ஓட்டிப் பார்த்து, சரியாக வந்தவுடன் பெரிய மெஷ்ஷுக்குப் போகிறார். பெரிய மெஷ் என்றாலே பல கோர்கள்தான். அவர் சரிபார்த்தது ஒரு கணக்கு, அவர் அறிக்கையில் எழுதுவது வேறொரு கணக்கு. மூன்று எண்களைக் கேட்டேன் அல்லவா, இப்படி விசையைச் சேர்க்கும் சோர்ஸ் ஃபங்ஷன் என்றால் அதோடு மொத்த விசை எவ்வளவு என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒரு கோரில் ஓட்டிய எண்ணும் பதினாறு கோரில் ஓட்டிய எண்ணும் பொருந்தாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாய் திறந்து தவறாகச் சொல்லும் இடங்களும் உண்டு. கம்பைல் செய்வதற்கு உங்கள் மென்பொருள் நீண்ட காலம் வேறொரு நிறுவனத்தின் கம்பைலரை நம்பியிருந்தது. அதை நிறுவும்போது எந்தப் பெட்டியில் டிக் அடிக்க வேண்டும், எந்தப் பதிப்பு எதற்குப் பொருந்தும், உங்கள் மென்பொருளை எந்தக் கறுப்புக் கமாண்டுத் திரையிலிருந்து திறக்க வேண்டும் என்பதெல்லாம் வாய்மொழியாக வந்த அறிவு. சீனியர் ஜூனியருக்குச் சொன்னது. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் சிக்கல் வரும் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். இதில் ஏதாவது ஒன்று பிசகினால் கம்பைல் ஆகாது. ஆனால் அது நடந்த இடத்தில் பளிச்சென்று தெரியாது. அடுத்த படியில், லைப்ரரியை லோட் செய்யும்போது, இந்த லைப்ரரி இந்தக் கணினியில் பல கோர்களில் ஓடுவதற்காகக் கம்பைல் செய்யப்படவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி வரும். மாணவர் கோர்களைக் குறைத்துப் பார்ப்பார், மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுவார். உண்மையில் லைப்ரரியே உருவாகவில்லை. ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே கோப்பு இருக்காது. வயிற்று வலி என்று வந்தவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது அந்தச் செய்தி.

கல்லூரி ஆய்வகங்களில் இது எவ்வளவு பெரிய சுமை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது பார்த்திருக்கிறார்களா? நான் அவ்வப்போது இறுதியாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டப் போகிறேன். அட்மின் பாஸ்வேர்டு ஆய்வகப் பொறுப்பாளரிடம் இருக்கும், அவர் மதியத்துக்கு மேல்தான் வருவார். பல ஆய்வகங்களில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்படி பூட்டி வைத்திருப்பார்கள். இன்று சிரமப்பட்டு நிறுவிய கம்பைலர் நாளை காலை இருக்காது. அதனால் பிள்ளைகள் கம்பைல் செய்யும் வழியையே விட்டுவிட்டு, இன்டர்பிரட்டட் முறைக்குப் போய்விடுகிறார்கள். அது மெதுவாக ஓடும், சி மொழியின் பல வசதிகள் அதில் கிடையாது. அந்த எல்லைக்குள் எழுத முடிந்ததை வைத்துப் பிராஜெக்ட்டின் தலைப்பே சுருங்கிவிடுகிறது. ஈரம் உலரும் வேகத்தைக் கணக்கிட ஆசைப்பட்ட ஒரு மாணவி கடைசியில் குழாயில் தண்ணீர் ஓடுவதைக் கணக்கிட்டுத் தேர்ச்சி பெற்றதைப் பார்த்திருக்கிறேன். அவளிடம் இருந்த கேள்வி நல்ல கேள்வி. இன்னும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சமீபத்திய பதிப்புகளில் கம்பைலரை உள்ளேயே சேர்த்திருக்கிறீர்கள். எளிய சமன்பாடுகளை சி மொழி இல்லாமலே திரையில் நேராக எழுதும் வசதியும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் மனமார்ந்த நன்றி. கேட்டால் செய்யக்கூடியவர்கள் என்று தெரிந்ததால்தான் எழுதவே துணிந்தேன். ஆனால் பழைய பதிப்புக்கு லைசென்ஸ் வாங்கிய கல்லூரிகள் இன்னும் அதையே வைத்திருக்கின்றன. கம்பைலர் உள்ளே வந்த பிறகும் மேலே சொன்ன மௌனங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இன்னொன்று, சால்வர் ஒரேயடியாகச் செத்துவிழும் இடம். செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். எந்த ஃபங்ஷன், எந்த வரி, எந்த செல் என்று எதுவும் இருக்காது. சேமிக்காத வேலை போய்விடும். நான் பார்த்தவரை இதற்கு இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பயனர் தம் சொந்த எண்களைச் சேமிக்க மெமரி இடம் கேட்டு வாங்க வேண்டும். மெனுவில் அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து மாற்றாமல் ஃபங்ஷன் அதில் எழுதப் போனால் விழுந்துவிடும். இன்னொன்று கிரேடியன்ட். ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு வெப்பநிலை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற கணக்கைச் சால்வர் தன் வேலை முடிந்ததும் மெமரியிலிருந்து அழித்துவிடுகிறது. எங்கள் ஃபங்ஷன் அதைத் தேடிப் போகும்போது அங்கே ஒன்றுமில்லை. அழிக்காதே என்று சொல்லும் வழி மெனுக்களில் கண்ணில் படாது. கமாண்டு வரியில் நிபுணர்களுக்கான பிரிவுக்குள் போய், வரிசையாக வரும் கேள்விகளில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் சொல்ல வேண்டும். மற்றவை எதற்காகக் கேட்கப்படுகின்றன என்று தெரியாமல் எல்லோரும் என்டர் தட்டித் தாண்டுகிறார்கள். மெமரி ஒதுக்கப்படவில்லை, இத்தனை இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டு நிற்பதற்கு உங்கள் நிரலாளர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? இரண்டு காரணங்களையும் சால்வரே முன்கூட்டிச் சோதித்துவிட முடியும். சோதிக்கும் வழியை எங்கள் ஃபங்ஷனுக்குள் எழுதிக்கொள்ளுமாறு கையேடு சொல்கிறது. ஒவ்வொரு பயனரும் தனித்தனியாக எழுதுவதை நீங்கள் ஒரு முறை எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகுமே.

விண்டோஸில் இன்னொரு சங்கடம். ஃபங்ஷனைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்யும்போது, பழைய லைப்ரரி லோட் ஆகியிருந்தால் அந்தக் கோப்பின் மேல் எழுத முடியாது. முதலில் அன்லோட் செய்ய வேண்டும். மறந்துவிட்டால் புதியது உருவாகாமல் பழையதே ஓடிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தி மற்ற வரிகளோடு மேலே ஓடிப்போய்விடும். திருத்தியும் விடை மாறவில்லையே என்று நினைத்து, சரியாக இருந்த திருத்தத்தையே சந்தேகப்பட்டு அழித்தவர்களை எனக்குத் தெரியும். ஓடுகிற லைப்ரரி எந்தத் தேதியில், எந்த நேரத்தில் கம்பைல் ஆனது என்று அந்த மூன்று எண்களுக்கு மேலே ஒரு வரி போட்டால் இந்தச் சங்கடமும் தீரும்.

உங்கள் உதவி மையத்துக்கு இவற்றை முன்பே எழுதியிருக்கிறோம். பயனர் எழுதும் நிரல் எங்கள் பொறுப்பில் வராது என்று பதில் வந்தது. நிரல் எங்களுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை ஓட்டுவது உங்கள் சால்வர். அது தரும் படத்தின் ஓரத்தில் உங்கள் சின்னம் இருக்கிறது. அந்தச் சின்னத்தைப் பார்த்துத்தான் வங்கி மேலாளர் எங்கள் அறிக்கையை நம்புகிறார். உடுமலைப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட விவசாயிக்கு யூ.டி.எஃப். என்றால் என்னவென்று தெரியாது. அவருக்கு வரவேண்டிய வருமானத்தை அந்த 1/7 தீர்மானிக்கிறது. மருத்துவமனை அறையில் காற்றோட்டம் போதுமா, கட்டடத்தில் தீப்பிடித்தால் புகை படிக்கட்டுக்கு எவ்வளவு நேரத்தில் வரும் என்றெல்லாம் இதே வகை மென்பொருளில், இதே போன்ற ஃபங்ஷன்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அங்கே படுத்திருப்பவர்களும் அந்தப் படிக்கட்டில் இறங்குபவர்களும் எங்கள் நிரலையும் பார்க்கப் போவதில்லை, உங்கள் ஒப்பந்தத்தையும் படிக்கப் போவதில்லை.

லைசென்ஸ் புதுப்பிக்க உங்கள் பிரதிநிதி இந்த மாதக் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். வழக்கமாகப் புதிய பதிப்பின் வண்ணக் கையேட்டோடு வருவார். இந்த முறை அதோடு ஒரு பதிலும் கொடுத்தனுப்புங்கள்: ஹூக் செய்த ஃபங்ஷன் கொடுத்த சிறிய எண், பெரிய எண், சராசரி ஆகிய மூன்றையும் கேட்காமலே அச்சிடும் பதிப்பு எப்போது வரும்? தேதியை அவர் சொன்னால் போதும், எழுதி வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காற்றாலைக் கணிப்புப் பொறியாளர்,
கோயம்புத்தூர்.